மார்த்தாவின் வீட்டுக்கு நீ போவதற்கு முன்

அன்புள்ள மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் அந்தச் செய்தியைச் சொன்னபோது நான் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஃபெயர்ஃபீல்டில் வீடு எடுத்துவிட்டோம், அடுத்த மாதம் குடிபோகிறோம், பிள்ளை பிறக்குமுன் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்றாய். எந்த இடம் என்று கேட்டேன். முன்பு நாங்கள் இருந்த தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி என்றாய். பிறகு சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் இன்னொன்றும் சொன்னாய். மார்த்தா இன்னும் அங்கேதான் இருப்பா போல, நான் அந்தப் பக்கம் போகமாட்டேன், அவவுக்குத்தான் என்னைப் பிடிக்காதே என்று. நீ பகிடியாகத்தான் சொன்னாய். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. "பழைய கதையை விடு மகன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். இருபத்து நாலு வருடமாக அந்தக் கதையை அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ தமிழ் மெல்ல வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் இவ்வளவு நீளத்துக்கு எழுத எனக்கு வராது. வந்தாலும் அந்த மொழியில் எழுதினால் பாதி தப்பித்துக்கொள்வேன். விளங்காத இடத்தில் நித்யாவைக் கேள், அவள் தன் கோயம்புத்தூர்த் தமிழில் சொல்லித்தருவாள். அவளும் வாசிக்கட்டும். தன் மாமியார் எப்படிப்பட்டவள் என்று அவளுக்கும் தெரியத்தானே வேண்டும்.

நாங்கள் அந்தத் தெருவுக்குப் போனபோது உனக்கு நாலு வயது. வாடகை குறைவு, ஸ்டேஷன் கிட்ட, அப்பாவின் பைப் தொழிற்சாலைக்கு ஒரு பஸ். வேறு எதுவும் யோசித்து நாங்கள் அங்கே போகவில்லை. போன பிறகுதான் தெரிந்தது, அது தென்னமெரிக்கச் சனம் முதலில் வந்து நிலைகொண்ட இடம் என்று. சிலிக்காரர், உருகுவேக்காரர், எல்சல்வடோர்க்காரர். அவர்களுக்குப் பிறகு வியட்நாம்காரர், ஈராக்கிலிருந்து வந்த அசிரியக் கிறிஸ்தவர்கள், கடைசியில் நாங்கள். கடைப்பலகைகளில் பாதி ஸ்பானிஷ். ஞாயிற்றுக்கிழமை பின்வளவுகளில் இறைச்சி வாட்டும் புகை எழும்பி எங்கள் கொடியில் காயும் துணியெல்லாம் மணக்கும். நான் மூக்கைச் சுளித்துக்கொண்டு துணியை உள்ளே எடுத்துப்போடுவேன். அந்தத் தெருவில் எல்லாரும் எல்லாருக்கும் கை காட்டுவார்கள். நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போவேன். யாரிடமும் ஒட்டக்கூடாது என்று நினைத்திருந்தேன். ஒட்டினால் கேள்வி கேட்பார்கள் என்ற பயம்.

மார்த்தா எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம். அவரோடு முதன்முதல் பேசியது உன்னால்தான். நீ மழையில் விளையாடிவிட்டுச் சேறும் தண்ணீருமாக ஓடிவந்தாய். நான் பின்கதவில் நின்று கத்தினேன்: "சப்பாத்தோட குசினிக்குள்ள போகாதை!" வேலிக்கு மேலால் ஒரு தலை எழும்பியது. கட்டையாக வெட்டிய நரைமயிர், உதட்டில் சிவப்புச் சாயம். "சப்பாத்தோ? கொசினா?" என்று கேட்டுவிட்டு அந்த மனுசி விழுந்து விழுந்து சிரித்தார். அவர்களுடைய மொழியிலும் சப்பாத்துக்கும் குசினிக்கும் ஏறக்குறைய அதே சொல்தானாம். "நீங்கள் ஸ்பானிஷா?" என்று கேட்டார். இல்லை, யாழ்ப்பாணம், தமிழ் என்றேன். போர்த்துக்கீசர் எங்கள் கரைக்கு வந்து விட்டுப்போன சொற்கள் என்று விளக்க என் ஆங்கிலம் போதவில்லை. பிறகு தன் பின்வளவில் கிடந்த மேசையைக் காட்டினார், மேசை என்றேன். மறுபடி சிரிப்பு. அன்று மாலை வேலிக்கு மேலால் ஒரு தட்டு வந்தது, மாவுக்குள் இறைச்சி வைத்த எம்பனாடா. எங்கள் பற்றிஸைப் போல ஒன்று, அளவில் பெரிது. அன்று வெள்ளிக்கிழமை, நாங்கள் மச்சம் சாப்பிடுவதில்லை என்றேன். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமை வந்த தட்டுகளில் சீஸ் மட்டும்தான் இருந்தது. ஒருமுறைகூட அவர் மறந்ததில்லை.

அப்பாவுக்குப் பின்னேர வேலை. எனக்கு ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் இடத்தில் ஐந்து மணிவரை. மார்த்தா காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்துவிட்டு மத்தியானம் வீட்டில் இருப்பார். நீ பள்ளிக்கூடம் விட்டு அங்கே போவாய். தியா என்று கூப்பிடுவாய். ஸ்பானிஷில் மாமி என்று பொருளாம். "சாப்பிட்டியா" என்ற ஒரு தமிழ்ச் சொல்லை அவர் உன்னிடமிருந்து பழகிக்கொண்டார். "சாப்பிட்டியா மிஹோ" என்று அவர் கூப்பிடும் சத்தம் தெருமுனையில் நான் வரும்போதே கேட்கும். மிஹோ என்றால் என் மகன். உண்மையைச் சொல்லுகிறேன், அது எனக்குச் சில நாள் குத்தியது. நாள் முழுக்க ஊரார் படுத்த துணியை மடித்துவிட்டு வந்து என் பிள்ளையை இன்னொருத்தி மகன் என்று கூப்பிடுவதைக் கேட்பது ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் பிறகு நான் செய்ததை அதற்காகச் செய்யவில்லை. எல்லாவற்றையும் அந்தப் பொறாமையில் போட்டுவிட்டால் கதை சுலபமாகிவிடும். நடந்தது வேறு.

என் தம்பியைப் பற்றி உனக்கு நான் சொன்னது மிகக் குறைவு. நேசன். என்னைவிட ஆறு வயது இளையவன். உன்னைப் போல இடக்கைக்காரன், அதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவன். கணக்கில் புலி, ஆனால் கடைக்கு அனுப்பினால் பாதிச் சாமானை மறந்துவிட்டு வருவான். உனக்கு மூன்று வயதாக இருக்கும்போது ஒருநாள் காலை பேக்கரியில் பாண் வாங்கச் சைக்கிளில் போனவன் இராணுவச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டான் என்று பார்த்த சனம் சொன்னது. அதற்கு மேல் ஒரு தகவலும் இல்லை. சைக்கிள் மட்டும் மூன்று நாள் சாவடி மதிலோடு சாய்ந்து நின்றதாம். அம்மா ஒவ்வொரு முகாமாக ஏறி இறங்கினா. இங்கிருந்து நான் என்ன செய்தேன்? அவனுடைய ஒரேயொரு கலர்ப் படத்தை அலுமாரியில் சேலைகளுக்குள் வைத்துப் பூட்டினேன். யாராவது உடன்பிறந்தவர்களைப் பற்றிக் கேட்டால் தம்பி லண்டனில் இருக்கிறான் என்று சொன்னேன். அம்மா அங்கே தனியாக இருந்தா. இங்கே நான் வாய் திறந்தால் அங்கே அவவுக்கு ஏதும் வருமோ என்று பயந்தேன். அந்தப் பயத்தில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. மிச்சம், சொன்னால் அது நடந்ததாகிவிடும் என்ற நினைப்பு.

மார்த்தாவின் வரவேற்பறையிலும் ஒரு படம் இருந்தது, உனக்கு நினைவிருக்கும். கறுப்பு வெள்ளை, சுருள்மயிர், பெரிய கண்ணாடி. அவருடைய அண்ணன் லூயிஸ். சிலியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த நாட்களில் வேலைக்குப் போன இடத்தில் பிடித்துக்கொண்டு போனார்களாம். அப்போதே கிட்டத்தட்ட முப்பது வருடம். அந்தத் தெருவில் அப்படிப் படம் வைத்திருந்த வீடுகள் இன்னும் நாலைந்து இருந்தன. நான் அந்த வீட்டுக்குள் போகும்போதெல்லாம் அந்தப் படம் இல்லாத பக்கமாகப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருப்பேன். அவர் தன் அண்ணனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தேன் என்று எழும்பிவிடுவேன். எனக்கு மிக அருகில், ஒரு வேலி தள்ளி, என் வலியை அப்படியே அறிந்த ஒருத்தி இருந்தார். அவரிடமிருந்துதான் நான் மிகத் தூரம் ஓடினேன்.

உனக்கு ஒன்பது வயதில் அலுமாரிக்குள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்தாய். யார் என்று கேட்டாய். "உன்ர மாமா. காணேல்லை. ஒருத்தரிட்டையும் சொல்லாதை" என்றேன். நீ சொன்னாய். எப்படிச் சொல்லாமல் இருப்பாய்? ஒவ்வொரு நாளும் பின்னேரம் அதே மாதிரி ஒரு படத்துக்குக் கீழேயிருந்துதானே பால் குடித்தாய். மறுநாள் மார்த்தா வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. மெல்ல, "உன் தம்பியுமா?" என்று கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "என் தம்பி லண்டனில் இருக்கிறான்." அவர் சரி என்றார். என் தோளில் கையை வைத்து எடுத்துவிட்டுப் போனார். அன்று உன்னை நான் ஏசிய ஏச்சு எனக்கு இப்போதும் கேட்கிறது. "வீட்டுக் கதையை வெளியில சொல்லுறியோ? உனக்கு வாயை மூடத் தெரியாதோ?"

அதற்குச் சில கிழமைகளுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை. எனக்கு அரை நாள் வேலை. மார்த்தா அன்று தங்கள் ஆட்கள் ஒரு மண்டபத்தில் கூடுவதாகவும் உன்னையும் கூட்டிப்போவதாகவும் முன்பே சொல்லியிருந்தார். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சேர்ச் மண்டபம். வேலை முடிந்து உன்னைக் கூட்டிவர அங்கே போனேன். நீளமான மேசை, வெள்ளை விரிப்பு, இருபது இருபத்தைந்து படங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மெழுகுதிரி, ஒரு சிவப்புக் கார்னேஷன் பூ. எல்லாம் கறுப்பு வெள்ளை, கடைசியில் ஒன்று மட்டும் கலர். பெரிதாக்கி, சட்டம் போட்டு, நேசன். பக்கத்தில் நீ நின்றாய், வெள்ளைச் சட்டையில் ஒரு பூ குத்தியபடி. என்னைக் கண்டதும் உன் முகம் மலர்ந்தது. "அம்மா, மாமாவும் இருக்கிறார்!" என்றாய்.

எங்கள் வீடுகளில் ஒரு மனிதரின் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்தால் அதற்கு ஒரே பொருள்தான். எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. இத்தனை நாள் உயிரோடு இருந்தவனை என் கண்ணுக்கு முன்னால் இவர்கள் கொன்றுவிட்டார்கள் என்றுதான் பட்டது. மேசைக்குப் போனேன். மெழுகுதிரியைக் கையாலேயே அணைத்தேன். படத்தை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அத்தனை சனத்துக்கும் கேட்கும்படி, தெரிந்த ஆங்கிலத்தில் மார்த்தாவைப் பார்த்துச் சொன்னேன்: "உன் அண்ணன் செத்தவன். என் தம்பி சாகவில்லை. உங்கள் பிணங்களோடு அவனை வைக்காதே." மகன், முப்பது வருடமாக எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் நான் சொன்ன வார்த்தை அது. ஒரு கிழவர் கதிரையிலிருந்து எழும்பி, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப அதிலேயே இருந்துவிட்டார். உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். தெருவில் வைத்து உன் கன்னத்தில் ஒரு அடி போட்டேன். பூவைப் பிடுங்கி எறிந்தேன்.

இது உனக்கு ஓரளவு நினைவிருக்கும். உனக்குத் தெரியாதது இனித்தான் வருகிறது. திங்கட்கிழமை காலை நீ புத்தகப்பையோடு நின்று கேட்டாய்: "அம்மா, பள்ளிக்கூடம் விட்டு தியா வீட்ட போகட்டோ?" நான் உனக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். சீப்பை நிறுத்தாமல் சொன்னேன்: "வேண்டாம். அவ உன்னை இனி வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டா. படத்தைக் களவாக் கொண்டுபோன பிள்ளையை அவவுக்குப் பிடிக்கேல்லையாம்." அது பொய். முழுப்பொய். மார்த்தா அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. உன்னை அங்கே போகாமல் பண்ண அது ஒன்றுதான் சுலபமான வழியாக எனக்குப் பட்டது. நான் தடுத்தால் நீ கேட்டுக்கொண்டே இருப்பாய், அவர் வேண்டாமென்றால் கேட்கமாட்டாய். நீ அழவில்லை. "ஓகே" என்றாய். அன்று தொடங்கி என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசினாய். வீட்டுக் கதை வெளியில் போகக்கூடாது என்றேன். வெளிக் கதையும் வீட்டுக்கு வராமல் போய்விட்டது. உனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததை எனக்கு அப்பாதான் சொன்னார்.

அந்த மனுசி மூன்று முறை எங்கள் கதவைத் தட்டினார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். மூன்றாம் முறை ஒரு வெள்ளிக்கிழமை. துணியால் மூடி ஒரு தட்டை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். நான் அதில் இருந்ததைக் குப்பையில் போட்டுவிட்டு, தட்டைக் கழுவி அவர் படியில் வைத்துவிட்டு ஓடிவந்தேன். எங்கள் ஊரில் ஒருவர் தந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. தெரிந்தேதான் செய்தேன். அப்பா ஒருமுறை மட்டும் சொன்னார்: "அந்த மனுசி நல்லதுக்குத்தானே செய்தவ. ஒருக்காப் போய்க் கதையன்." நான் வெடித்தேன். அவர் பிறகு வாய் திறக்கவில்லை. அந்த வருடமே பென்டில் ஹில்லுக்கு வந்துவிட்டோம். பிள்ளைக்குத் தமிழ் வேண்டும், எங்கள் சனத்துக்கு நடுவில் வளரவேண்டும் என்று எல்லாருக்கும் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பியும் விட்டேன். லொறியில் சாமான் ஏற்றும்போது மார்த்தா தன் வாசல் கேற்றைப் பிடித்தபடி நின்றார். நீ காரின் பின்சீட்டில் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தாய். நான் உனக்குச் சொன்ன பொய் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

நீ அந்த ஞாயிற்றுக்கிழமை பேசிய பிறகு, புதன்கிழமை நான் அங்கே போனேன். பென்டில் ஹில்லில் ஏறினால் ஃபெயர்ஃபீல்டில் இறங்கலாம், ரயில் மாறவும் தேவையில்லை. இருபத்து நாலு வருடமாக அரை மணித்தியாலத் தூரத்தில் இருந்திருக்கிறேன். ஸ்பானிஷ் பலகைகள் குறைந்துவிட்டன. பாண் வாங்கின கடை இப்போது அரபு இனிப்புக் கடை. கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. என்னத்தைக் கொண்டுபோவது? மார்த்தா ஊன்றுகோலோடு கதவைத் திறந்தார். உதட்டுச் சாயம் அதேதான். கொஞ்ச நேரம் பார்த்தார். "பக்கத்து வீடு" என்றார். உள்ளே கூப்பிட்டு இருத்தினார். இருந்த உடனே கேட்டது, "சின்னவன் எப்படி?"

நீ ரயில்வேயில் சிக்னல் எஞ்சினியர், கல்யாணமாகிவிட்டது, பிள்ளை வரப்போகிறது என்றேன். கையைத் தட்டிச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, அவர் சொன்னார்: "ஒருநாள் பரமற்றா ஸ்டேஷனில் அவனைக் கண்டேன். ஹைஸ்கூல் உடுப்பு, என்னைவிட உயரம். மிஹோ என்று கூப்பிட்டேன். என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். நான் என்ன செய்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை." நீ இதை எனக்கு ஒருநாளும் சொல்லவில்லை, மகன். எப்படிச் சொல்வாய்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். லண்டன் பொய்யை, உனக்குச் சொன்ன பொய்யை. மண்டபத்தில் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் கையை வீசினார். "அது எனக்கு அன்றைக்கே விளங்கியது. லூயிஸுக்கு மெழுகுதிரி கொளுத்த என் அம்மாவை நான் பத்து வருடம் விடவில்லை. நெருப்புக்குச்சியைப் பிடுங்கி எறிந்தவள் நான். உனக்கு அதைச் சொல்லத்தான் மூன்று முறை வந்தேன். படத்தைக் கொடுத்தனுப்பியது நீதான் என்று அவன் சொன்னான். நேரில் வர உனக்குக் கூச்சம் என்று நினைத்தேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும், அது என் பிழை." பிறகு எழும்பினார். முகம் மாறியிருந்தது. "ஆனால் பிள்ளையிடம், நான் அவனை வேண்டாமென்று சொன்னதாகச் சொன்னாயா? ஒன்பது வயதுப் பிள்ளையிடம்?" ஆம் என்று தலையாட்டினேன். "அவனிடம் போய்ச் சொல். சொல்லிவிட்டு வா. அதுவரைக்கும் இந்தப் படி ஏறாதே." கோபமாகக் கதவைச் சாத்தவில்லை. ஊன்றுகோலோடு வாசல் கேற்றடிவரை வந்து, அதைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் வெளியே வந்தேன்.

ரயிலில் திரும்பி வரும்போது உனக்கு எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன். போனில் சொன்னால் நீ "ஓகே" என்று சொல்லிவிடுவாய் என்று பயமாக இருந்தது. அந்தச் சொல்லை இன்னொரு முறை கேட்க எனக்குத் தைரியமில்லை. உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் தாய் என்றபடியால் ஒன்று. நித்யா என்ன யோசிக்கிறாய் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லாதே. அதை நீ என்னிடம்தான் பழகினாய், பழக்கியவளே சொல்கிறேன், விட்டுவிடு. உன் பிள்ளை வீட்டுக் கதையை வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனால், போகட்டும் விடு. பயம் வந்தால் பயமாக இருக்கிறது என்று பிள்ளைக்கே சொல். அதற்கு இன்னொருவரின் அன்பைப் பொய்யாக்காதே. நேசன் மாமாவைப் பற்றிக் கேட்கவேண்டியதை எல்லாம் என்னிடம் கேள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், அவ்வளவையும் சொல்கிறேன். அவன் இருக்கிறானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இதை நான் முதன்முதலாக எழுதுகிறேன்.

என்னை மன்னி என்று இந்தக் கடிதத்தில் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ உடனே தந்துவிடுவாய், உன் குணம் அது. அவசரமில்லாமல் ஆறுதலாக யோசி, கோபப்படு, இரண்டு மாதம் பேசாமல் இருக்கவேண்டுமென்றால் இரு. ஆனால் மார்த்தாவைக் காக்க வைக்காதே. மத்தியானத்துக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பார். காது கொஞ்சம் மந்தம், கதவைப் பலமாகத் தட்டு. யாரென்று உள்ளேயிருந்து கேட்டால் உன் பெயரைச் சொல். என் பெயரைச் சொல்லாதே.

உன் அம்மா